எத்தனை மதிப்பெண் துன்பம்?



சம்பளம் கைக்கு வந்த வாரத்திலேயே அதில் பாதியைச் செலவழித்துவிடுகிறவர் ஒருவர். அதே சம்பளத்தில் சீட்டுக் கட்டி, பத்து வருடம் கழித்து நடக்கப்போகும் மகள் கல்யாணத்துக்கு நகை சேர்க்கிறவர் இன்னொருவர். ஒரு பெண் இருபது வயதுக்குள் இரண்டு பிள்ளைக்குத் தாயாகிறாள். இன்னொருத்தி முப்பத்தைந்து வரை தள்ளிப்போடுகிறாள். பழகி ஒரு வாரமே ஆனவரிடம் வண்டிச் சாவியைக் கொடுத்துவிடுகிறவர் உண்டு. கூடப்பிறந்த தம்பியிடமே பணத்தை எண்ணி வாங்குகிறவரும் உண்டு. ஏன் இப்படி என்று கேட்டால் நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, அவன் குணம் அப்படி. இன்னொன்று, வளர்ப்பு சரியில்லை. இரண்டுமே பெரும்பாலும் திட்டுவதற்குத்தான் பயன்பட்டு வந்திருக்கின்றன.

சுமார் நாற்பது ஆண்டுகளாக உளவியலாளர்களில் ஒரு சாரார் மூன்றாவதாக ஒரு பதிலைச் சொல்லி வருகிறார்கள். தான் வந்து பிறந்திருக்கும் இடம் எப்படிப்பட்டது என்று குழந்தை முதல் சில வருடங்களிலேயே ஒரு கணக்குப் போட்டுவிடுகிறது; உடம்பும் மனசும் அந்தக் கணக்குக்குத் தக்கபடி ஒரு வழியைப் பிடித்துக்கொள்கின்றன என்பது அவர்கள் கட்சி. நாளைக்கு உத்தரவாதம் உள்ள இடம் என்றால் நிதானமாக வளரலாம், படிக்கலாம், சேர்க்கலாம், பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடலாம். நாளை என்பதே சந்தேகம் என்றால் கிடைத்ததை இன்றைக்கே எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இந்த இரண்டு வழிகளுக்கும், இடையில் இருக்கிற ஆயிரம் வழிகளுக்கும் அவர்கள் வைத்த பெயர் வாழ்க்கை உத்தி.

கேட்க அழகாக இருக்கிறது. இவ்வளவு அழகாக இருக்கிற எதையும் கொஞ்சம் தட்டிப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். ஒருவர் பட்ட பால்யத் துன்பம் இவ்வளவு என்று யார் அளந்தார்கள், எதை வைத்து அளந்தார்கள்? அவர் கைக்கொண்ட உத்தி இன்னது என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? இரண்டையும் முடிச்சுப் போட்டது யார்? இன்றைய பேச்சு முழுக்க அந்த அளவுகோல்களைப் பற்றித்தான்.

அதற்கு முன்பு ஒரு சின்ன அறைக்குள் உங்களை அழைத்துப் போகிறேன். அமெரிக்காவில் ராசெஸ்டர் பல்கலைக்கழகம். செலஸ்ட் கிட் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் செய்த சோதனை, 2013இல் வெளிவந்தது. மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 28 குழந்தைகள். ஒரு குழந்தையை மேசை முன் உட்காரவைத்து, ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்து, படம் வரை என்கிறார்கள். பக்கத்தில் ஒரு ஜாடியில் தேய்ந்துபோன பழைய கிரேயான்கள். ‘இதை வைத்தே வரையலாம், இல்லை, கொஞ்சம் பொறுத்தால் உள்ளே போய்ப் புத்தம் புதிய வண்ணங்களைக் கொண்டுவருகிறேன்’ என்று சொல்லிவிட்டு ஆராய்ச்சியாளர் போகிறார். இரண்டரை நிமிடம் கழித்துத் திரும்புகிறார். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடியே ஒரு தட்டு நிறையப் புது வண்ணங்கள் வருகின்றன. மீதிப் பாதிக்கு வெறுங்கை: ‘மன்னித்துக்கொள், தப்பாகச் சொல்லிவிட்டேன், வேறு எதுவும் இல்லை, இதையே வைத்துக்கொள்.’ அடுத்து ஒட்டுப்படங்கள். அதிலும் இதே நாடகம், இதே வாக்குறுதி, அதே முடிவு.

மூன்றாவதாக மார்ஷ்மெல்லோ வருகிறது. பஞ்சு மாதிரி மெத்தென்ற ஒரு மிட்டாய். ‘இப்போதே தின்றால் ஒன்று, நான் வரும்வரை காத்திருந்தால் இரண்டு.’ கதவு சாத்தப்படுகிறது. பதினைந்து நிமிடம்.

இந்த மிட்டாய்ச் சோதனை பழையதுதான். ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் 1960களின் கடைசியில் தொடங்கியது. காத்திருந்த குழந்தை பின்னாளில் உருப்படும், காத்திருக்காத குழந்தைக்கு மன உறுதி போதாது என்று அதை வைத்து ஊரெல்லாம் உபதேசம் நடந்தது. ராசெஸ்டரில் என்ன ஆயிற்று? வாக்கு காப்பாற்றப்பட்ட 14 குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஒன்பது பேர் பதினைந்து நிமிடமும் தாக்குப்பிடித்தார்கள். ஏமாற்றப்பட்ட 14 பேரில் கடைசிவரை காத்திருந்தது ஒரே ஒரு குழந்தை. சராசரி மூன்று நிமிடம்.

கையில் காசு வாயில் தோசை என்று நாம் கேலி செய்கிற காரியத்தைத்தான் அந்தக் குழந்தைகள் செய்தார்கள். ஆனால் அவர்களை மன உறுதி இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிரே இருந்த ஆள் இரண்டு முறை வாக்குத் தவறியவர்; மூன்றாம் முறையும் அவரை நம்பிக் கையில் இருக்கும் மிட்டாயை விட்டுவைப்பது என்ன புத்தி? கிட்டுக்கு இந்த யோசனை வந்த இடமும் கவனிக்கத்தக்கது. வீடற்றவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் அவர் தொண்டு செய்திருக்கிறார். அங்கே ஒரு குழந்தையின் கையில் இருக்கும் பொம்மையை அடுத்த நிமிடம் இன்னொரு குழந்தை பறித்துக்கொண்டு போகலாம். அந்த இடத்தில் வளர்கிற பிள்ளை மிட்டாய்க்கு முன்னால் என்ன செய்யும் என்று யோசித்தாராம்.

28 குழந்தைகள், ஒரு நாளில் சில நிமிடங்கள். இதை வைத்து ஒரு ஆயுளைச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் இதில் ஒரு பெரிய நேர்மை இருக்கிறது: துன்பத்தைத் தருவது யார், எவ்வளவு தருகிறார், எப்போது தருகிறார் எல்லாமே ஆராய்ச்சியாளர் கையில் இருக்கிறது. யாரையும் நினைவிலிருந்து சொல்லச் சொல்லவில்லை. யாருக்கு ஏமாற்றம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டது போலப் பிரித்தார்கள். நிஜ வாழ்க்கையில் இதை நாம் செய்யவே முடியாது. செய்யவும் கூடாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நிமிடத்தை வருடமாக நீட்டினால் கோட்பாடு வருகிறது. வேர் உயிரியலில் இருக்கிறது. உடம்புக்குக் கிடைக்கும் சக்திக்கு ஒரு எல்லை உண்டு. வளர்வதற்குச் செலவழித்தது பிள்ளைப்பேற்றுக்குக் கிடைக்காது. பிள்ளைப்பேற்றில் போட்டது உடம்பைப் பழுதுபார்க்க உதவாது. எலி சில வாரங்களில் குட்டி போடுகிறது, சீக்கிரம் சாகிறது. யானை ஒரு கன்றை ஏறக்குறைய இரண்டு வருடம் வயிற்றில் சுமக்கிறது. உயிரினங்களை ஒப்பிட எழுந்த இந்தச் சிந்தனையை ஒரே இனத்துக்குள், மனிதருக்கு மனிதர் இருக்கும் வேறுபாட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் ஜே பெல்ஸ்கி, லாரன்ஸ் ஸ்டைன்பர்க், பட்ரீஷியா டிரேப்பர் ஆகிய மூவர். 1991இல் எழுதிய கட்டுரையில் துணிந்து ஒரு ஆரூடம் சொன்னார்கள்: சண்டையும் சச்சரவும் நிறைந்த வீட்டில் வளரும் பெண் சீக்கிரம் வயதுக்கு வருவாள். அன்றைக்கு இது யாரும் எதிர்பாராத வாக்கு. அடுத்த வருடமே நியூசிலாந்தின் டனீடன் நகரத்துப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்விலிருந்து டெர்ரி மொஃபிட் குழுவினர், வீட்டுச் சச்சரவும் தந்தை இல்லாமையும் முன்கூட்டிய பூப்புடன் சேர்ந்தே வருகின்றன என்று காட்டினார்கள்.

1997இல் மார்கோ வில்சனும் மார்ட்டின் டேலியும் சிகாகோ நகரத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஊரை 77 பகுதிகளாகப் பிரித்துக் கணக்கெடுப்பது வழக்கம். கொலைச் சாவுகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும்கூட ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு ஒரு பகுதியில் 54 வயது, இன்னொரு பகுதியில் 77. ஒரே நகரம், ஒரே மேயர். ஆயுள் குறைந்த பகுதிகளில் பிள்ளை பெறும் தாய்மாரின் இடைநிலை வயது 22.6; ஆயுள் நீண்ட பகுதிகளில் 27.3. பேரப்பிள்ளையைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுகிற எவருக்கும் இந்தக் கணக்கு புரியும். இருந்தாலும் இங்கே அளக்கப்பட்டது பேட்டை, ஆள் இல்லை. அந்தப் பேட்டையில் பிறந்த தனி ஒருத்தி பட்டது என்ன, அதனால் அவள் எடுத்த முடிவு எது என்பதை இந்தக் கணக்கு சொல்லாது.

தனி ஆளை அளக்க வந்த கருவிகளில் உலகப் புகழ் பெற்றது, பால்யத் துன்ப அனுபவங்களை எண்ணும் ஏஸ் மதிப்பெண். அதன் பிறப்பிடம் சான் டியேகோவில் ஒரு எடை குறைப்பு மருத்துவமனைப் பிரிவு. 1980களில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் அதை நடத்தி வந்தார். நன்றாக இளைத்துக்கொண்டு வந்தவர்களே பாதியில் நின்றுபோவது அவருக்கு விளங்கவில்லை. உட்கார்ந்து கேட்கக் கேட்க, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. பருமன் அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கிறது. யார் கண்ணும் படாமல் இருக்க ஒரு போர்வை. மருத்துவர் நோய் என்று நினைத்தது நோயாளிக்கு மருந்தாக இருந்தது. இந்த ஒரு அவதானிப்புக்காகவே ஃபெலிட்டியை நான் கைகூப்பி வணங்குவேன்.

பிறகு அவர் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ராபர்ட் ஆண்டாவுடன் சேர்ந்து பெரிய அளவில் கணக்கெடுத்தார். 1998இல் வந்த முதல் அறிக்கையில் 9,508 பேர். இரண்டு சுற்றுகளையும் சேர்த்தால் 17,000க்கு மேல். அடி, வசவு, பாலியல் கொடுமை, தாய் அடிவாங்குவதைப் பார்த்தது, குடிகாரரோ மனநோயாளியோ சிறைக்குப் போனவரோ வீட்டில் இருந்தது. முதலில் ஏழு வகை. பிறகு புறக்கணிப்பும் பெற்றோர் பிரிவும் சேர்ந்து பத்து ஆயிற்று. உண்டு என்றால் ஒன்று, இல்லை என்றால் சைபர், கூட்டினால் மதிப்பெண். நான்கும் அதற்கு மேலும் வாங்கியவர்களுக்குக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து, ஒன்றும் இல்லாதவர்களைவிட நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு அதிகம். பொது சுகாதார உலகத்தையே உலுக்கிய கண்டுபிடிப்பு அது.

ஆனால் அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பதினைந்து வருடம் தினமும் அடிவாங்கியவனுக்கும் ஒரு மதிப்பெண். அப்பா அம்மா கௌரவமாகப் பேசிப் பிரிந்துகொண்ட வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு மதிப்பெண். பட்டினிக்கு ஒன்று உண்டு. அதுவும் புறக்கணிப்பு என்ற தலைப்புக்குள் ஒளிந்திருக்கிறது. வறுமைக்கு இடமே இல்லை. போருக்கும் இல்லை. பதில் சொன்னவர்கள் பெரும்பாலும் மருத்துவக் காப்பீடு உள்ள, படித்த, நடுத்தர வர்க்கத்து வெள்ளையர்கள். அவர்கள் வீட்டில் நடந்ததைக் கேட்டார்கள். வீட்டின் மேல் விழுந்த குண்டைப் பற்றிக் கேட்கவேண்டிய அவசியம் வரவில்லை.

நமக்கு அந்த அவசியம் உண்டு. இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிக் குழந்தைகளிடம் கிளாடியா கட்டானி குழுவினர் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. போர், 2004 கடற்கோள், வீட்டுக்குள் நடக்கும் வன்முறை மூன்றையும் சேர்த்துக் கேட்டார்கள். மூன்றுமே குழந்தைகளின் மனக்காயத்துக்குக் காரணமாக இருந்தன என்பது எதிர்பார்த்ததுதான். என்னை நிறுத்திவைத்தது வேறு ஒரு செய்தி. போரில் அதிகம் அகப்பட்ட குழந்தை வீட்டிலும் அதிகம் அடிபட்டது. அப்பாவின் குடியும் அதோடு சேர்ந்தே வந்தது. அப்படியானால் போருக்கு ஒன்று, குடிக்கு ஒன்று, அடிக்கு ஒன்று என்று தனித்தனியாக எண்ணிக் கூட்டுவதற்கு என்ன பொருள்? ஷெல் விழுந்த தெருவிலிருந்து கிளம்பி, சாராயத்தின் வழியாக வந்து, பிள்ளையின் முதுகில் முடிகிற ஒரே துன்பம் அது. உலக சுகாதார நிறுவனம் பின்னால் தயாரித்த பன்னாட்டு வினாத்தாளில் போரும் தெரு வன்முறையும் சேர்ந்துவிட்டன. நல்லது. கூட்டல் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

கூட்டாமல் பிரித்துப் பார்க்கலாம் என்று 2009இல் ஒரு கட்டுரை வந்தது. புரூஸ் எல்லிஸும் அவருடைய சகாக்களும் எழுதியது. அவர்கள் பிரித்தது இரண்டாக: கடுமை ஒன்று, நிச்சயமின்மை ஒன்று. எப்போதுமே அரைவயிற்றுக் கஞ்சிதான் என்பது கடுமை. இன்று விருந்து, நாளை பட்டினி, எது என்று முன்கூட்டித் தெரியாது என்பது நிச்சயமின்மை. முன்னதில் கஷ்டம் உண்டு, ஆனாலும் திட்டம் போடலாம். பின்னதில் திட்டம் போடுவதே வீண்.

இதைச் சோதிக்க ஜெஃப்ரி சிம்ப்ஸன், விளாடாஸ் கிரிஸ்கெவிசியஸ் முதலானோர் ஒரு பழைய பொக்கிஷத்தைத் திறந்தார்கள். மினியாபொலிஸ் நகரில் 1970களின் நடுவில் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்த, முதல் பிரசவத்துக்கு வந்த 267 தாய்மாரைச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் பிள்ளைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்து வந்த ஆய்வு அது. யாரையும் முப்பது வருடம் பின்னோக்கி நினைக்கச் சொல்ல வேண்டியதில்லை. நடக்க நடக்க எழுதிவைத்த பதிவு. அதிலிருந்து மூன்று விஷயங்களை எடுத்தார்கள். தாயின் வேலை எத்தனை முறை மாறியது, வீடு எத்தனை முறை மாறியது, தாயுடன் சேர்ந்து வாழும் ஆண் எத்தனை முறை மாறினார். 2012இல் முடிவு வந்தது. பிறந்ததிலிருந்து ஐந்து வயதுவரை இந்த மாற்றங்கள் அதிகம் கண்ட பிள்ளைகள், 23 வயதில் அதிகத் துணைகளைக் கண்டிருந்தார்கள். அடிதடி, சட்டமீறல் பக்கம் அதிகம் சாய்ந்திருந்தார்கள். வறுமையின் கடுமையோ, ஆறு முதல் பதினாறு வயதில் வந்த நிச்சயமின்மையோ பெரும்பாலும் அப்படி முன்னறிவிக்கவில்லை.

ஐந்தில் வளையாதது பற்றிய பழமொழியை யாராவது எடுத்து வீசுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: இந்த ஐந்து, வயதை இரண்டு கூறாக வெட்டுவதற்கு ஆராய்ச்சியாளர்கள் தேர்ந்தெடுத்த கோடு. ஆறாவது பிறந்தநாளன்று எந்தக் கதவும் சாத்தப்படுவதில்லை.

இந்த ஆய்வை நான் பெரிதும் மதிக்கிறேன். அதன் அளவுகோலிலும் ஒரு விரிசல் உண்டு. வேலையில்லாமல் இருந்த தாய்க்கு நல்ல வேலை கிடைத்தால் அது ஒரு மாற்றம். அடிக்கிறவனை விட்டு அவள் வெளியேறினால் அது இன்னொரு மாற்றம். சேரியிலிருந்து நல்ல தெருவுக்குக் குடிபோனால் மூன்றாவது மாற்றம். மூன்றும் நிச்சயமின்மைக் கணக்கில் ஏறும். பெரியவர்கள் பார்வையில் எண்ணிய மாற்றம் இது. குழந்தைக்கு எது நிச்சயமின்மை? இரவு அப்பா எந்த முகத்தோடு வருவார் என்பது. கதவு தட்டும் சத்தத்தை வைத்தே அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளைகளை இந்த அவையிலுள்ள ஆசிரியர்களுக்குத் தெரியும். அதை எந்தப் பதிவேடும் எண்ணவில்லை.

மினியாபொலிஸ் மாதிரி ஆய்வுக்கு ஒரு ஆயுள் செலவாகும். அதனால் பெரும்பாலான ஆய்வுகள் குறுக்கு வழியில் போகின்றன: வளர்ந்தவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, சிறுவயதில் இப்படி நடந்ததா என்று கேட்டுவிடுவது. நினைவு அந்தப் பாரத்தைத் தாங்குமா? 2019இல் ஜெஸ்ஸி பால்ட்வின் குழுவினர் 16 ஆய்வுகளை, 25,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். குழந்தையாக இருந்தபோதே கொடுமை என்று பதிவானவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், வளர்ந்தபின் கேட்டபோது அதைச் சொல்லவில்லை. வளர்ந்தபின் கொடுமை நடந்தது என்று சொன்னவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பற்றி அந்தக் காலத்துப் பதிவில் எதுவும் இல்லை. இரண்டு அளவுக்கும் உள்ள ஒற்றுமையைச் சைபரிலிருந்து ஒன்றுவரை போட்டால் 0.19. ஒரே துன்பத்துக்கான இரண்டு அளவுகள். ஆனால் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்களைச் சுட்டுகின்றன.

பொய் சொல்கிறார்கள் என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். போலீஸும் நீதிமன்றமும் கண்டது கொஞ்சம்தான். பதிவில் இல்லாததெல்லாம் நடக்காததாகிவிடாது. மறந்தவர் உண்டு, மறைத்தவர் உண்டு, அடி என்பதை அடியாகவே கருதாதவர் நம் ஊரில் கோடிக்கணக்கில் உண்டு. ஆனால் கதை இங்கே இன்னும் சிக்கலாகிறது. ஆண்ட்ரியா டனீஸியும் கேத்தி ஸ்பாட்ஸ் விடமும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், 1967 முதல் 1971 வரை நீதிமன்றத்தில் நிரூபணமான வழக்குகளில் இருந்த குழந்தைகளையும், ஒப்பிடுவதற்கு வேறு குழந்தைகளையும் சேர்த்து 1,196 பேரைப் பெரியவர்களானபின் சந்தித்தார்கள். மனநோய் யாரிடம் அதிகம்? தமக்குக் கொடுமை நடந்தது என்று தாமே சொன்னவர்களிடம். வழக்கு இருந்தும் தாம் அப்படிச் சொல்லாதவர்களிடம் மனநோய் அவ்வளவாகக் கூடவில்லை. ஆக, வினாத்தாள் அளப்பது நடந்ததையா, நடந்ததாக ஒருவர் இன்றைக்குச் சுமந்துகொண்டிருப்பதையா? இரண்டாவதுதான் என்றால் அதுவும் அளக்கத்தக்கதே. ஆனால் குழந்தை முதல் வருடங்களில் உலகைக் கணித்தது என்ற கோட்பாட்டுக்கு அது சாட்சி சொல்லாது. இன்று மனம் சோர்ந்திருப்பவருக்கு நேற்றும் இருட்டாகத்தான் தெரியும்.

துன்பத்தின் பக்கம் இப்படி. உத்தியின் பக்கம் இன்னும் மோசம் என்பது என் கருத்து. அரிசோனா பல்கலைக்கழகத்தின் அவுரேலியோ ஃபிகரேடோ குழுவினர் 2006இல் வெளியிட்ட மினி-கே என்ற வினாத்தாள் இந்தத் துறையில் வெகுவாகப் புழங்குகிறது. இருபது வாக்கியங்கள்; எவ்வளவு உடன்படுகிறீர்கள் என்று எண் போடவேண்டும். அதிக எண் வந்தால் நிதான உத்தி, குறைந்தால் வேக உத்தி. முன்கூட்டித் திட்டமிடுவது, ஆபத்தைத் தவிர்ப்பது, ஒரே துணையோடு இருப்பது, இரத்த உறவுகளோடு பழகுவது எல்லாம் அதில் உண்டு. மதத்தில் ஈடுபாடு உண்டா என்றும் ஒரு வாக்கியம். கோயில் வாசலை மிதிக்காமல், ஒரே மனைவியோடு ஐம்பது வருடம் வாழ்ந்து, பைசா பைசாவாகச் சேர்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பகுத்தறிவுப் பெரியவர்கள் நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். இந்தத் தாளில் அவர்களுக்கு மதிப்பெண் குறையும்.

அது சில்லறைக் குறை. பெரிய குறை வேறு. சிறுவயதில் தாயோடு நெருக்கமாக இருந்தீர்களா, தந்தையோடு நெருக்கமாக இருந்தீர்களா என்ற கேள்விகளும் அதே இருபதுக்குள் இருக்கின்றன. இதைக் கையில் வைத்துக்கொண்டு, பால்யத் துன்பத்துக்கும் வாழ்க்கை உத்திக்கும் தொடர்பு உண்டா என்று ஆராயப் புறப்பட்டால் என்ன ஆகும்? தொடர்பு கிடைக்காமல் எப்படிப் போகும்? பால்யம் ஏற்கெனவே உத்திக்குள் உட்கார்ந்திருக்கிறது. காரணத்தின் ஒரு துண்டை வெட்டி விளைவுக்குள் வைத்துத் தைத்துவிட்டு, இரண்டும் ஒரே துணி என்று வியப்பதற்குப் பெயர் கண்டுபிடிப்பு இல்லை.

எலி யானையோடு தொடங்கிய உயிரியலிலிருந்து இந்தத் துறை விலகிப்போனதும் கவனிக்கப்படாமல் இல்லை. டேனியல் நெட்டிலும் வில்லம் ஃபிராங்கன்ஹுயிஸும் 2019இல் இந்தத் துறையின் கட்டுரைகள் ஒன்றையொன்று எப்படி மேற்கோள் காட்டுகின்றன என்று வரைந்து பார்த்தபோது, விலங்குகளை ஆராய்பவர்கள் ஒரு தீவு, மனித உளவியல்காரர்கள் இன்னொரு தீவு என்று பிரிந்து கிடந்தது தெரிந்தது. பெயர் ஒன்று, சரக்கு வேறு. அடுத்த வருடம், உயிரியலில் இந்தக் கோட்பாட்டின் பாடநூலையே எழுதிய ஸ்டீபன் ஸ்டெர்ன்ஸ், உளவியலில் அது கையாளப்படும் விதத்தைக் கடுமையாக விமர்சித்து ஒரு கட்டுரைக்குக் கூட்டாசிரியரானார். வயதுக்கு வரும் காலம், பணத்தில் சிக்கனம், காதலில் உறுதி, கோபம் இவையெல்லாம் ஒரே கயிற்றில் கோத்த மணிகள் என்பதற்கு இன்றுவரை திடமான ஆதாரம் இல்லை. இல்லாத கயிற்றை இருப்பதாக வைத்துக்கொண்டு ‘வேகக்காரர்கள்’ என்று ஒரு கூட்டத்துக்குப் பெயர் சூட்டினால், அது கடைசியில் எந்தத் தெருக்காரர்கள் மேல் போய் ஒட்டிக்கொள்ளும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு முடிச்சு பரம்பரை. தந்தை இல்லாத வீட்டுப் பெண் சீக்கிரம் வயதுக்கு வருகிறாள் என்றால், தந்தை இல்லாமைதான் காரணமா? சீக்கிரம் வயதுக்கு வந்த தாய் சீக்கிரம் துணை தேடி, சீக்கிரம் பிரிந்திருக்கலாம். மகளுக்கு அந்த உடல்வாகும் வந்தது, அந்த வீடும் வந்தது. ஜேன் மெண்டில் குழுவினர் 2006இல் இரட்டையர்களான சகோதரிகளின் மகள்களை ஒப்பிட்டார்கள். ஒருத்தி மாற்றாந்தந்தை வீட்டில், அவள் பெரியம்மா மகள் சொந்தத் தந்தை வீட்டில். இருவரும் பூப்பெய்திய வயதில் வித்தியாசம் காணவில்லை. 1991இன் அந்தத் துணிச்சலான ஆரூடத்துக்கு இது பெரிய அடி. மரண அடி என்று சொல்லமாட்டேன்.

காரணத்தையே நேராகத் தொட்ட ஆய்வு ஒன்று உண்டு. ருமேனியாவில் சௌசெஸ்கு ஆட்சி 1989இல் கவிழ்ந்தபோது அனாதை விடுதிகளில் நிரம்பி வழிந்த குழந்தைகளை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் சீனா மூவரும் 2000ஆம் ஆண்டு வாக்கில் புகாரெஸ்டில் தொடங்கிய ஆய்வில் 136 விடுதிக் குழந்தைகள். ஆய்வுக்காகவே வளர்ப்புக் குடும்பங்களை ஏற்படுத்தி, பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் அங்கே அனுப்பினார்கள். மீதிப் பேரை விடுதியில் விட்டுவைத்தது நியாயமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை; ஓயவும் வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது ஒரு சிறு நெருக்கடியைக் கொடுத்து உடம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்று அளந்தார்கள். விடுதியில் விடப்பட்டவர்களுக்கு இதயமும் அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலின் சுரப்பும் மந்தமாகத்தான் அசைந்தன. வளர்ப்பு வீட்டுக்குப் போனவர்களுடையது, குறிப்பாக இரண்டு வயதுக்குள் போனவர்களுடையது, சாதாரண வீட்டுப் பிள்ளைகளுடையதைப் போலவே இருந்தது. இங்கே நினைவும் இல்லை, பரம்பரையும் குறுக்கே வரவில்லை. ஆரம்ப வருடங்கள் உடம்பில் எழுதுகின்றன என்பதற்கு என் கையில் இருக்கும் மிகச் சிறந்த ஆதாரம் இது. அதுவும் அழுத்தத்துக்கு உடல் தரும் பதிலைத்தான் அளந்தது. சீட்டுக் கட்டுவதையும் காதலையும் அளக்கவில்லை.

ஆக, பால்யம் முக்கியம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கூட்டமாகப் பார்க்கும்போது தொடர்பு திரும்பத் திரும்பத் தெரிகிறது. தனி ஆளிடம் வரும்போதுதான் அளவுகோல் வளைகிறது. கலிஃபோர்னியா மாநிலம் 2020 ஜனவரியிலிருந்து, மருத்துவர்கள் ஏஸ் வினாத்தாளை நிரப்பவைத்தால் ஒரு ஆளுக்கு 29 டாலர் என்று அரசுக் காப்பீட்டில் கொடுக்கத் தொடங்கியது. அதே வருடம் ராபர்ட் ஆண்டா, ஆமாம், அந்த மதிப்பெண்ணைப் படைத்த அதே ஆண்டா, இது தனிமனிதரைச் சலித்தெடுக்கும் கருவி இல்லை, கரடுமுரடான ஒரு தொகைக் கணக்கு மட்டுமே என்று எழுதினார். 2021இல் பால்ட்வின் குழு பிரிட்டனிலும் டனீடனிலும் வளர்ந்த பிள்ளைகளின் விவரத்தை வைத்துச் சோதித்து, மதிப்பெண் கூடிய கூட்டத்தில் பின்னாளைய நோய் கூடுதல்தான், ஆனால் யாருக்கு வரும் என்று ஆளைக் காட்ட அது உதவவில்லை என்று சொன்னது.

இதற்குள் ஒரு நல்ல செய்தியும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். நிச்சயமில்லாத வீட்டில் வளர்ந்தவர்களை நிச்சயமின்மையை நினைவூட்டும் சூழலில் வைத்துச் சோதித்தபோது, கவனத்தை அடக்கிவைப்பதில் பின்தங்கினார்கள்; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று தாவுவதில் மற்றவர்களை முந்தினார்கள். சிராக் மித்தல் குழுவினர் 2015இல் வெளியிட்டது. நம் தேர்வுகள் முதலாவதற்கு மட்டும் மதிப்பெண் போடுகின்றன.

ஆசிரியர்களே, இந்த வினாத்தாள்கள் மலிவானவை, மொழிபெயர்க்கச் சுலபமானவை. ஏதாவது ஒரு திட்டத்தின் பெயரில் உங்கள் பள்ளிக்கும் ஒருநாள் வரும். வந்தால் நிரப்புவதற்கு முன் கேளுங்கள்: இந்த எண்ணை யார் பார்ப்பார்கள், எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், எண் கூடிய பிள்ளைக்கு அடுத்த வாரம் கிடைக்கப்போவது என்ன? பெயர் இல்லாமல், ஒரு வட்டாரத்தின் நிலவரத்தை அறிந்து அங்கே காலை உணவும் ஆலோசகரும் குடிநோய் மருத்துவமும் கொண்டுவர என்றால் தாராளமாக ஒத்துழையுங்கள். அதற்காகப் பிறந்த கருவிதான் அது. பிள்ளையின் பெயருக்கு நேராக எண்ணை எழுதிக் கோப்பில் வைக்கச் சொன்னால், தாளை மடித்து வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.